புறங்கையில் ஓடும் பச்சை நரம்பு

காலை வேலையெல்லாம் முடிந்து, குழந்தைகள் பள்ளிக்கூடம் போன பிறகு, சற்று ஓய்ந்து உட்காருகிற நேரம் ஒன்று நமக்கெல்லாம் உண்டு. இன்றைக்கு அந்த நேரத்தில் இந்தப் பத்திரிகையை ஒரு கையில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையைத் தொங்கப் போடுங்கள். அரை நிமிஷம் போதும். பிறகு புறங்கையைப் பாருங்கள். பச்சைப் பசேலென்று, கயிறு கயிறாக நரம்பு புடைத்து நிற்கிறதல்லவா? இப்போது அதே கையைத் தலைக்கு மேலே தூக்குங்கள். நரம்பு இருந்த இடம் தெரியாமல் அமுங்கிப்போகும்.

இதில் மாயம் ஒன்றுமில்லை, சகோதரிகளே! இதயத்திலிருந்து கைக்கு வந்த ரத்தம் திரும்பிப் போகிற வழிதான் அது. கை தொங்கும்போது ரத்தம் மேலே ஏறுவதற்குக் கொஞ்சம் பிரயாசைப்படுகிறது. அதனால் குழாய் நிரம்பிப் புடைக்கிறது. கையைத் தூக்கினால் சரிவில் தண்ணீர் ஓடுகிற மாதிரி சுலபமாக இறங்கி, இதயத்தை நோக்கிப் போய்விடுகிறது.

இந்தத் திரும்பும் வழியைப் பற்றி நாம் தெரிந்துகொண்டால் பல சங்கடங்களைத் தவிர்க்கலாம். பிறந்த குழந்தையின் விரல் முதல் வயசானவர்களின் மோதிரம் வரை, வீட்டில் நடக்கிற சில விபரீதங்களுக்கு இதுதான் காரணம். 'இதெல்லாம் டாக்டர் சமாசாரம், நமக்கெதுக்கு?' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள்.

நரம்பு என்கிறோமே, அது நரம்பா?

பேச்சு வழக்கில் நாம் இதை நரம்பு என்கிறோம். ஆஸ்பத்திரியில்கூட 'நரம்பு ஊசி' என்றுதான் சொல்கிறார்கள். பிள்ளைகளின் பாடப் புத்தகத்தில் நரம்பு என்றால் வேறு. மூளைக்கும் உடம்புக்கும் நடுவில் செய்தி கொண்டுபோகிறதே, அதுதான் நரம்பு. புறங்கையில் பச்சையாகத் தெரிவது ரத்தக் குழாய். இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுவரும் குழாய்க்குத் தமனி என்றும், திரும்ப இதயத்துக்குக் கொண்டுபோகும் குழாய்க்குச் சிரை என்றும் பெயர்.

குழாய் பச்சையாகத் தெரிகிறதே தவிர, உள்ளே ஓடுகிற ரத்தம் பச்சையுமில்லை, நீலமுமில்லை. பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கும்போது பார்த்திருப்பீர்கள், நல்ல கருஞ்சிவப்பாக இருக்கும். பிராணவாயுவை உடம்புக்குக் கொடுத்துவிட்டுத் திரும்புகிற ரத்தமாதலால் அந்த நிறம். தோலின் வழியே வெளிச்சம் உள்ளே போய்த் திரும்பும் விதத்தால் நம் கண்ணுக்குப் பச்சையாகவும் நீலமாகவும் தெரிகிறது.

தமனி ஆழத்தில் ஓடுகிறது. அதன் சுவர் தடிமனானது. மணிக்கட்டில் கட்டை விரல் பக்கம் நாடி பிடித்துப் பார்க்கிறோமே, அந்த இடத்தில்தான் அது தோலுக்குச் சற்று அருகில் வருகிறது. அங்கிருந்து உள்ளங்கைக்கும் விரல்களுக்கும் கிளை கிளையாகப் பிரிந்து, கடைசியில் தலைமுடியைவிட மெல்லிய தந்துகிகளாகிறது. அந்தத் தந்துகிகள் மறுபடி ஒன்று சேர்ந்து சிரைகளாகின்றன.

உள்ளங்கைக்கு வந்த ரத்தத்தில் பெரும்பகுதி புறங்கை வழியாகத்தான் திரும்புகிறது. ஏன் தெரியுமா? வாளியைத் தூக்குகிறோம், துணியைப் பிழிகிறோம், மாவைப் பிசைகிறோம். ஒவ்வொரு தடவையும் உள்ளங்கை அழுந்துகிறது. திரும்பும் வழி அங்கே இருந்திருந்தால் நாள் முழுக்க நசுங்கிக்கொண்டேயிருக்கும். புறங்கையில் இருப்பதால் நாம் கையை மூடி இறுக்கும்போதெல்லாம் ரத்தம் உள்ளங்கையிலிருந்து பிழிந்து புறங்கைக்குத் தள்ளப்படுகிறது. அங்கிருந்து கட்டை விரல் பக்கமாக ஒரு சாலையும், சுண்டு விரல் பக்கமாக ஒரு சாலையும் மேலே போகின்றன. முழங்கை மடிப்பில் இரண்டையும் ஒரு குறுக்குச் சாலை சேர்க்கிறது. ரத்தம் எடுக்க ஊசி குத்துவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். பிறகு அக்குள், தோள் எலும்பின் அடி என்று போய், இதயத்தின் வலது மேலறையில் விழுகிறது.

சட்டைப் பை மாதிரி கதவுகள்

இதயம் கொடுத்த வேகமெல்லாம் தந்துகிகளைத் தாண்டுவதற்குள் பெரும்பாலும் தீர்ந்துவிடும். மிச்சமிருக்கும் கொஞ்ச வேகத்தோடு ரத்தம் எப்படி மேலே ஏறுகிறது? கைத் தசைகள் அசையும்போது சிரைகளை அமுக்கித் தள்ளுகின்றன. மூச்சை உள்ளே இழுக்கும்போது நெஞ்சுக்கூடு ரத்தத்தையும் கொஞ்சம் இழுத்துக்கொள்கிறது. ஏறிய ரத்தம் பின்னுக்கு வழியாமல் இருக்கச் சிரைக்குள்ளே சின்னச் சின்னக் கதவுகள் இருக்கின்றன.

தையல் தெரிந்தவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். சட்டையில் தைத்த பையை நினைத்துக்கொள்ளுங்கள். வாய் மேலே பார்த்திருக்கிறது. கீழிருந்து மேலே கையால் தடவினால் பை படிந்துபோகும். மேலிருந்து கீழே தடவினால் விரல் பைக்குள் மாட்டிக்கொள்ளும். சிரையின் உட்சுவரில் இப்படி இரண்டு பைகள் எதிரெதிராக இருக்கின்றன. வாய் இதயத்தைப் பார்த்திருக்கும். ரத்தம் மேலே போகும்போது பைகள் சுவரோடு படிந்து வழி விடும். பின்னால் வரப் பார்த்தால் பைகள் நிரம்பி, ஒன்றோடொன்று ஒட்டி, வழியை அடைத்துவிடும்.

கையைக் காட்டி நிரூபித்தவர்

இவ்வளவு எளிய விஷயம் உலகத்துக்குத் தெரிய வெகுகாலமாயிற்று. ஐரோப்பாவில் கேலன் என்ற பழைய வைத்தியர் சொன்னதைத்தான் ஏறக்குறைய 1,400 வருஷம் நம்பிக்கொண்டிருந்தார்கள். சாப்பாட்டிலிருந்து கல்லீரல் ரத்தத்தை உண்டாக்குகிறது, அது சிரைகள் வழியாக உடம்பெங்கும் போய் அங்கங்கே செலவாகிவிடுகிறது என்பது அவர் கொள்கை. திரும்பி வருவது என்ற பேச்சே கிடையாது.

இத்தாலியில் பாதுவா சர்வகலாசாலையில் ஃபாப்ரிஸியஸ் என்ற பேராசிரியர் சிரைகளுக்குள் இருக்கும் கதவுகளைப் பற்றி 1603-ல் ஒரு நூல் வெளியிட்டார். 'சிரைகளின் சிறு கதவுகள்' என்பதுதான் அதன் பெயருக்கு அர்த்தம். ஆனால் ரத்தம் கைகால்களில் போய்த் தேங்கிவிடாமல் வேகத்தைக் குறைப்பதற்காக அவை இருப்பதாக அவர் நினைத்தார். அவரிடம் படித்து 1602-ல் பட்டம் பெற்ற ஆங்கிலேயர் வில்லியம் ஹார்வி. கழுத்திலுள்ள சிரைகளின் கதவுகளையும் ஹார்வி கவனித்தார். அவை கீழே, இதயத்தைப் பார்த்துத் திறந்திருந்தன. கைகால்களில் தேங்காமல் தடுப்பது மட்டுமே வேலை என்றால் கழுத்தில் எதற்கு இப்படி? எங்கே இருந்தாலும் கதவு இதயத்தைப் பார்த்தே திறக்கிறது என்றால், ரத்தம் இதயத்துக்குத் திரும்புகிறது என்றுதானே அர்த்தம்!

கணக்கும் போட்டார். அவர் போட்டது தோராயக் கணக்கு. இன்று நமக்குத் தெரிந்தபடி, சும்மா இருக்கும்போதே இதயம் நிமிஷத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தை வெளியே தள்ளுகிறது. ஒரு மணி நேரத்துக்கு 300 லிட்டர்! உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமே சுமார் 5 லிட்டர்தான். நாம் சாப்பிடுகிற நாலு இட்லியிலும் ஒரு பிடி சோற்றிலும் மணிக்கு 300 லிட்டர் ரத்தம் ஊறுமா? இருக்கிற ரத்தமே சுற்றிச் சுற்றி வந்தால்தான் கணக்கு நேராகும்.

இதையெல்லாம் ஹார்வி 1628-ல் லத்தீன் மொழியில் சிறு புத்தகமாக வெளியிட்டார். மொத்தம் 72 பக்கம். இதயத்தைப் பற்றிய அந்தப் புத்தகத்தில் உள்ள படங்கள், கட்டுப் போட்ட ஒரு மனிதக் கையின் படங்கள்தாம். எவரும் தங்கள் கையிலேயே செய்து பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். ஆனாலும் எதிர்ப்புக்குக் குறைவில்லை. புத்தகம் வந்த பிறகு தம்மிடம் வரும் நோயாளிகள் வெகுவாகக் குறைந்துவிட்டதாக ஹார்வியே சொன்னதை, அவரை அறிந்த ஜான் ஆப்ரி என்பவர் எழுதி வைத்திருக்கிறார். தமனியையும் சிரையையும் இணைக்கும் தந்துகிகளை அவர் கண்ணால் பார்க்கவேயில்லை. ஹார்வி 1657-ல் காலமானார். நாலு வருஷம் கழித்து, 1661-ல் மால்பிகி என்ற இத்தாலியர் தவளையின் நுரையீரலைப் பூதக்கண்ணாடியில் பார்த்து அவற்றைக் கண்டுபிடித்தார்.

நீங்களும் பார்க்கலாம்

ஹார்வி புஜத்தில் துணி கட்டித்தான் காட்டினார். நமக்குக் கட்டு வேண்டியதில்லை. கையைத் தொங்கப் போட்டு, முன்கையிலோ புறங்கையிலோ நன்றாகப் புடைத்த, கிளை பிரியாத ஒரு சிரையைத் தேர்ந்தெடுங்கள். விரல் பக்கமாக ஓரிடத்தில் ஆள்காட்டி விரலால் அமுக்கிக்கொள்ளுங்கள். அதை எடுக்காமலே, இன்னொரு விரலால் அங்கிருந்து முழங்கையை நோக்கி இரண்டு அங்குலம் வழித்துவிட்டு அந்த விரலை எடுத்துவிடுங்கள். வழித்த இடத்தில் சிரை தட்டையாகவே கிடக்கும். மேலே ஒரு சின்ன முடிச்சு மாதிரி தெரிந்தால் அதுதான் கதவு. மேலே நிற்கும் ரத்தம் அதைத் தாண்டிக் கீழே இறங்காது. இப்போது அமுக்கிய விரலை எடுங்கள். சட்டென்று கீழிருந்து நிரம்பிவிடும்!

சதைப்பிடிப்பான கையில் சரியாகத் தெரியாது. வெந்நீரில் பாத்திரம் கழுவி முடித்தபின் பாருங்கள், சூட்டுக்குச் சிரை நன்றாக விரியும். ஊசி போட்ட கையிலும், டயாலிசிஸ் செய்கிற கையிலும், தோல் மெலிந்த வயசானவர்கள் கையிலும் இதைச் செய்ய வேண்டாம்.

நடுத்தரமான கட்டுதான் பொல்லாதது

ஹார்வி காட்டிய இன்னொரு விஷயத்தைத்தான் நம் வீட்டுப் பெண்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். புஜத்தை மிக இறுக்கிக் கட்டினால் நாடியே நின்று கை குளிர்ந்துபோகிறது. கட்டைக் கொஞ்சம் தளர்த்தி நடுத்தரமாக விட்டால் கை சிவந்து, சிரைகள் முண்டு முண்டாகப் புடைத்து, வீங்க ஆரம்பிக்கிறது. காரணம், ஆழத்தில் வேகமாக ஓடும் தமனி லேசான கட்டுக்கு மசியாது. தோலை ஒட்டி மெதுவாக ஓடும் சிரை மசிந்துவிடும். ரத்தம் உள்ளே வருகிறது, வெளியே போக வழியில்லை. வீங்க வீங்க, கட்டு இன்னும் இறுகுகிறது. கடைசியில் வரும் வழியும் அடைபட்டுப்போகிறது.

வீட்டில் இந்த நடுத்தரக் கட்டு எந்தெந்த உருவத்தில் வருகிறது என்று பாருங்கள்.

குழந்தையின் விரலில் தலைமுடி: எங்கள் தெருவில் தலைப்பிள்ளை பெற்ற ஒரு பெண். குழந்தைக்கு மூன்றாம் மாசம். ஒரு நாள் சாயங்காலம் முதல் விடாத அழுகை. பால் குடிக்கவில்லை. "வயித்து வலியாத்தான் இருக்கும், கொஞ்சம் ஓமத் தண்ணி குடும்மா" என்றார் மாமியார். அடுத்த வீட்டில் இருந்த ஓய்வு பெற்ற நர்ஸம்மா வந்து பார்த்தார். "ஓமத் தண்ணியெல்லாம் இருக்கட்டும். மொதல்ல கையுறையைக் கழட்டும்மா" என்றார். கழற்றினால், நடுவிரல் நுனி நாவல்பழ நிறத்தில் வீங்கியிருந்தது. அடியில் ஒற்றைத் தலைமுடி சுற்றிச் சதைக்குள் புதைந்திருந்தது. உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். முடியை எடுத்த பிறகு விரல் பிழைத்தது.

பிள்ளை பெற்ற சில மாதங்களில் தாய்க்கு முடி கொட்டுவது சகஜம். அந்த முடியும், கையுறை காலுறையின் உள்ளே பிரிந்த நூலும் குழந்தையின் விரலில் சுற்றிக்கொள்ளும். காரணம் தெரியாமல் குழந்தை விடாமல் அழுதால், துணியையெல்லாம் கழற்றிக் கைவிரல் பத்து, கால்விரல் பத்து, ஆண் குழந்தையானால் பிறப்புறுப்பு, எல்லாவற்றையும் வெளிச்சத்தில் பாருங்கள். உறைகளை மாட்டும் முன் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்து, நூல் இருந்தால் வெட்டிவிடுங்கள். சுற்றிய முடி சுலபமாகக் கழன்று வராவிட்டால் நோண்டாமல் அப்போதே டாக்டரிடம் போய்விடுங்கள். நேரம் போனால் விரலே போய்விடும்.

கறுப்புக் கயிறும் வசம்பு வளையலும்: திருஷ்டிக்கு என்று கட்டுவதை நான் குறை சொல்லவில்லை. குழந்தை மளமளவென்று வளரும், கயிறு வளராது. உங்கள் சுண்டு விரல் தாராளமாக நுழைகிற அளவு தளர்வு இருக்கிறதா என்று குளிப்பாட்டும்போதெல்லாம் பாருங்கள்.

வளைகாப்பும் மோதிரமும்: ஏழாம் மாசமோ ஒன்பதாம் மாசமோ வளைகாப்பு நடத்துகிறோம். கர்ப்பிணிகளுக்குக் கைகால் லேசாக வீங்குகிற காலமும் அதுதான். வளையலை ஓர் அளவு பெரிதாகவே வாங்குங்கள். மோதிரம் இறுகத் தொடங்கும் முன்பே கழற்றிப் பத்திரப்படுத்துங்கள். முகமும் கையும் திடீரென்று வீங்கி, தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி என்று வந்தால் அது ரத்தக் கொதிப்பின் அறிகுறியாக இருக்கலாம். ஒரு நாளும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மாட்டிக்கொண்ட மோதிரத்தை முறுக்கி இழுக்காதீர்கள். கையை நெஞ்சுக்கு மேலே தூக்கிச் சில நிமிஷம் வைத்திருங்கள். குளிர்ந்த தண்ணீரில் நனைத்து, சோப்போ தேங்காயெண்ணெயோ தடவி, மெல்ல மெல்லத் திருகிக் கழற்றுங்கள். விரல் நீலம் பாரித்தாலோ மரத்துப்போனாலோ மோதிரத்தை வெட்டிவிட வேண்டியதுதான். பவுன் போனால் சம்பாதிக்கலாம். விரலில் அடிபட்டாலும் தேள் குளவி கொட்டினாலும், வீக்கம் வருவதற்குள் மோதிரத்தையும் வளையலையும் கழற்றுவதே முதல் வேலை.

பாம்புக் கடிக்குக் கட்டு: கடிவாய்க்கு மேலே கயிறு கட்டுகிற வழக்கம் இன்னும் போகவில்லை. வேண்டவே வேண்டாம்! விஷத்தைக் கட்டு தடுத்து நிறுத்தாது. கை அழுகிப்போகவும், கட்டை அவிழ்க்கும்போது நிலைமை மோசமாகவும் இடம் கொடுக்கும். கீறுவதும் வாயால் உறிஞ்சுவதும் கூடாது. மோதிரம், வளையல், மெட்டியைக் கழற்றி, கடிபட்ட கையை அல்லது காலை அசைக்காமல் வைத்து, 108-க்குச் சொல்லி விஷமுறிவு மருந்து இருக்கும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

அரிவாள்மனை வெட்டு: கையில் வெட்டுப்பட்டால் விரலைச் சுற்றி நூல் கட்டாதீர்கள். சுத்தமான துணியை மடித்துக் காயத்தின் மேல் அழுத்திப் பிடித்து, கையை உயரத் தூக்குங்கள். பத்து நிமிஷம் நடுவில் திறந்து பார்க்காமல் அழுத்துங்கள். மெதுவாகக் கசிகிற கருஞ்சிவப்பு ரத்தம் பெரும்பாலும் இதற்கே நின்றுவிடும். பளீர் சிவப்பாகப் பீய்ச்சியடித்தால் தமனி அறுபட்டிருக்கிறது. அழுத்திய கையை எடுக்காமலே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஆஸ்பத்திரியில் கவனிக்க வேண்டியது

ரத்தம் எடுக்கும்போது புஜத்தில் ரப்பர் பட்டை கட்டி, "கையை மூடும்மா" என்கிறார்களே, அது ஹார்வி செய்து காட்டியதுதான். நடுத்தரமான கட்டு, சிரை புடைக்கிறது, ஊசி சுலபமாக ஏறுகிறது. ஊசி ஏறியதும் பட்டையை அவிழ்த்துவிடுவார்கள். ஏற்றுகிற மருந்து இதயத்தை நோக்கிப் போக வேண்டுமென்பதால் குளுக்கோஸ் ஏற்றும் ஊசியின் முனை முழங்கைப் பக்கம் பார்த்திருக்கும். ஊசி போட்ட இடம் வீங்கினாலோ, எரிந்தாலோ, ஜில்லென்று ஆனாலோ மருந்து சிரைக்கு வெளியே கசிகிறது என்று அர்த்தம். 'அவங்களே வந்து பாப்பாங்க' என்று இருந்துவிடாமல் உடனே கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸ் செய்துகொள்பவர் வீட்டில் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். கையிலுள்ள ஒரு தமனியையும் சிரையையும் இணைத்துத் தைத்து, சிரையைப் பருக்க வைக்கிறார்கள். 1966-ல் நியூயார்க் டாக்டர்கள் உலகத்துக்கு அறிவித்த முறை இது. அந்தக் கைதான் அவருக்கு உயிர்நாடி. அதில் ரத்தம் எடுக்கவும் ரத்த அழுத்தம் பார்க்கவும் விடக் கூடாது. இறுக்கமான வளையல், கடிகாரப் பட்டை, கனமான காய்கறிப் பை எதுவும் அந்தக் கையில் ஏறக் கூடாது. அந்தக் கையைத் தலைக்கு அடியில் வைத்துத் தூங்கவும் கூடாது. தொட்டால் 'விர்' என்று ஓர் அதிர்வு தெரியும். அது நின்றுவிட்டால் அன்றைக்கே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

நரம்பு தெரிந்தால் வியாதியா?

"கையெல்லாம் நரம்பா தெரியுதே, ரத்தமில்லையோ?" என்று பல பெண்கள் கவலைப்படுகிறார்கள். மெலிந்த கையிலும், உழைத்த கையிலும், வயசு ஏற ஏறத் தோல் மெலியும்போதும், சித்திரை வெயிலிலும் அது நன்றாகத் தெரியும். அதனால் மட்டும் பயப்பட ஒன்றுமில்லை. ஒரு கை மட்டும் திடீரென்று வீங்கி வலித்தாலோ, நிறம் மாறினாலோ, சிரை ஒன்று கயிறு மாதிரி தடித்துச் சிவந்து தொட்டால் வலித்தாலோதான் டாக்டரிடம் காட்ட வேண்டும். இதயத்துக்கு மேலே தூக்கியும் புறங்கைச் சிரைகள் வடியாமல் நின்றால் அதையும் அவரிடம் சொல்லுங்கள்.

மற்றபடி கைக்குப் பெரிய வைத்தியம் எதுவும் தேவையில்லை. வெகுநேரம் கையைத் தொங்கவிட்டபடியே நின்று வேலை செய்தால், நடுநடுவே கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பத்துத் தடவை விரல்களை மடக்கி விரியுங்கள். தேங்கிய ரத்தம் இறங்கிக் கை லேசாகும். ரவிக்கைக் கை, வளையல், மோதிரம், கயிறு எதுவானாலும் கழற்றிய பிறகு தோலில் ஆழமான தடம் நெடுநேரம் இருந்தால் அது இறுக்கம் என்று தெரிந்துகொள்ளுங்கள். இன்றிரவு குழந்தையைத் தூங்கப் போடும் முன், அதன் விரல்களை ஒவ்வொன்றாக ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அரை நிமிஷ வேலைதான்.